பள்ளத்தாக்கு வலப்பக்கம் இருக்கட்டும்

சரவணா கண்ணு,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகவேதான் கையால் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் ஒரு வரி முடிப்பதற்குள் "ஓகேம்மா, ஓகேம்மா" என்று வெட்டிவிடுகிறாய். ஈமெயில் அனுப்பினால் ஆபீஸ் வேலைக்கு நடுவில் மேலோட்டமாக மேய்ந்துவிட்டு மூடிவிடுவாய். தமிழ் என்றால் அவசரப்பட முடியாது பார். இந்த ருவைஸ் ஊர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நீ அழ அழ, உனக்கு அ ஆ சொல்லிக்கொடுத்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு மலர் அக்கா வியாழக்கிழமை அவர் தம்பியைப் பார்க்க ஷார்ஜா வருகிறார். அவர் கையில் இட்லிப்பொடி, முறுக்கு, நீ விட்டுப்போன இரண்டு சட்டை, கூடவே இந்தக் கடிதம். முறுக்கைக் கடித்துக்கொண்டே படி.

போன வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்னதை உனக்கே ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். "அம்மா, நோ. நீ சைக்கிள் ஓட்ட வேண்டாம். நீயும் அப்பாவும் கார்ல வாங்க. நான் மட்டும் ஓட்டறேன். நீங்க கடைசியில நின்னு பாருங்க, அது போதும்." நான் சரி என்றேன். நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாய். அட மடையா, அம்மா ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தால் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது என்று இத்தனை வயசாகியும் உனக்குத் தெரியவில்லையே. நான் சமையலறையில் போய் நின்று அழுதேன். கோபத்தில் பாதி, துக்கத்தில் பாதி. அப்புறம் மூஞ்சியைக் கழுவிவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். அன்றைக்குச் சப்பாத்தி ரொம்ப மெத்தென்று இருந்ததாக உன் அப்பா சொன்னார்.

அந்த மலையோரம் யார் பார்த்து வைத்த இடம் என்று உனக்கு மறந்துவிட்டதா? நீ ஸ்கூல் படிக்கும்போது பெருநாள் லீவில் காரை எடுத்துக்கொண்டு ஓமன் போனோம். ஜெபல் ஷம்ஸ் மலை மேலே கார் நின்றதும் நீ இறங்கி ஓடினாய். நான் டேய் டேய் என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தரை அங்கே முடிந்துவிட்டது. எதிரே இன்னொரு மலை, நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அவ்வளவு ஆழத்தில், தண்ணீர் வற்றிப்போன ஓடை ஒரு வெள்ளை நூலாகக் கிடந்தது. நமக்குக் கீழே ஒரு கழுகு சுற்றிக்கொண்டிருந்தது. கழுகின் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், பழுப்பும் கருப்புமாக, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு. உன் அப்பா கார் கதவைப் பிடித்த பிடியை விடவே இல்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "பார்த்தாச்சுல்ல, யல்லா, கெளம்பலாம்" என்றார். நீதான் விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து போன ஜீப் தடத்தைக் காட்டி, "அம்மா, இதுல சைக்கிள்ல போனா எப்படி இருக்கும்?" என்று கேட்டாய். போலாம் சாமி என்றேன். அது வாய் வார்த்தைக்குச் சொன்னது இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அடுத்த குளிருக்குப் போலாம், அடுத்த குளிருக்குப் போலாம் என்றே தள்ளிக்கொண்டு வந்தோம். இங்கே இருக்கிற எல்லாக் குடும்பமும் அப்படித்தான், எதையும் அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைப்பது. நீ கோயமுத்தூருக்குக் காலேஜ் படிக்கப் போனாய், திரும்பி வந்து துபாயில் வேலையில் உட்கார்ந்தாய். இப்போது தை மாசம் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். அது முடிந்த கையோடு நீங்கள் இரண்டு பேரும் கனடா. அப்பாவுக்கு ரிடையர்மெண்ட் ஆர்டர் வந்துவிட்டது. விசாவை கேன்சல் பண்ணினால் கலாஸ், முடிந்தது கதை, நானும் அவரும் சொந்த ஊர் கோபிக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நீ வளர்ந்த ஊர் இது, எனக்கு முடி நரைத்த ஊர் இது, ஆனால் ஏர்போர்ட்டில் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஆக, நமக்கு இங்கே அடுத்த குளிர் என்று ஒன்று கிடையாது. இந்த மாசம் ஓட்டினால் உண்டு.

நான் இதை எப்படிக் கனவு கண்டுகொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. மத்தியானம் அப்பா டியூட்டிக்குப் போனபிறகு கம்ப்யூட்டரில் அந்த மலையை வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறப்பேன். நம் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றித்தான் தெரியுமே. முதலில் வெறும் மங்கலாக வரும். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வந்தால் மலையின் நிறம் கொஞ்சம் வந்திருக்கும். ரசத்தைத் தாளித்துவிட்டு வந்தால் பள்ளத்தின் நிழல் தெரியும். தடம் கடைசியில்தான் வரும், முடி மாதிரி ஒரு கோடு. அதன்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போவேன். கொஞ்ச நேரத்தில் ஏசி சத்தம் மலைக்காற்றுச் சத்தமாகிவிடும். இந்த வளைவில் இறங்கித் தண்ணி குடிப்போம், இங்கே நீ போட்டோ எடுப்பாய், இங்கே நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன், நீ திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய் என்று ஒவ்வொன்றாக நடக்கும். இரண்டு தடவை பருப்பு தீய்ந்துபோயிற்று. அடுத்த பிளாட்டில் இருந்து போன் பண்ணி என்னக்கா வாடை என்று கேட்டார்கள்.

உன் அப்பா திட்டம் போட்டால் அது வேறு மாதிரி. எண்ணெய் சுத்திகரிக்கிற பிளாண்ட்டை மொத்தமாக நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்களே, ஷட்டவுன், அதில் எந்த வேலைக்குப் பின்னால் எந்த வேலை என்று கட்டம் போட்டுக் கொடுப்பதுதான் ஆயுசு முழுக்க அவர் செய்த வேலை. வீட்டிலும் அதே கதைதான். ஊருக்குப் போவதென்றாலும் கட்டம், மாவாட்டுவதென்றாலும் கட்டம். அங்கே பர்மிட் இல்லாமல் ஒரு போல்ட்டைக் கழற்ற முடியாது, இங்கே பர்மிட் இல்லாமல் நீ ஒரு படத்துக்குப் போனதில்லை. நம் சைக்கிள் பயணத்துக்கும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கட்டம் ஒட்டி வைத்திருக்கிறார். பார்டரில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், யார் எவ்வளவு தண்ணி, எங்கே பஞ்சர் ட்யூப், கூடவே பாதையின் படம், எல்லாம் கலர் பென்சிலில். என் விசாவில் ஹவுஸ் ஒய்ஃப் என்று போட்டிருப்பதால் விசா எடுத்துக்கொடுத்த ஸ்பான்சர் கூட வந்தால்தான் ஓமன்காரன் உள்ளே விடுவான். உயரத்தைக் கண்டாலே முதுகைக் காட்டுகிற மனுஷன்தான் எனக்கு ஸ்பான்சர். போன மாசம் நாம் மூன்று பேரும் காரில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தபோது அவருக்கு வேர்த்த வேர்வையைப் பார்த்தாய் அல்லவா. அப்படிப்பட்டவரே வருகிறேன் என்கிறார். காரை முன்னால் கொண்டுபோய் அந்தக் கோடியில் நிறுத்திக்கொண்டு, மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பாராம்.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கண். அது தெரியவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ லீவுக்கு வந்திருந்தாய். நான் தோசை சுட்டுக்கொண்டே அப்பாவிடம், "ஏனுங்க, இவன் பொண்ணு பாக்கப் போறப்பவும் அந்தக் கிழிஞ்ச ஜீன்ஸைத்தான் மாட்டிக்கிட்டு வருவான், மானம் போகப்போகுது" என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். நீ என் இடது தோளை ஒட்டித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். அப்பா சிரித்தார், நீயும் சிரித்தாய். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் நீ அங்கே இருப்பதே எனக்குத் தெரிந்தது. அப்புறம் அபுதாபி டாக்டர், சோதனை, கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைச் சாப்பிட்டுவிட்டது என்ற விளக்கம். இடது கண்ணில் போனது போனதுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் வலது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காபியைச் சில நாள் டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன், துடைக்கிறேன். அதைத் தவிர நான் அதே ஆள்தான். நீதான் மாறிவிட்டாய். படி இருக்கும்மா, கதவு இருக்கும்மா, பார்த்து வாம்மா. லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொள்கிறாய். ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கம் ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

நான் சைக்கிள் ஓட்டின கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஸ்கூலுக்கு சைக்கிளில் போனவள் நான். கல்யாணமாகி இங்கே வந்தபின் அதை மறந்தே போய்விட்டேன். உனக்கு முதல் சைக்கிள் வாங்கினோமே, சிவப்பு, ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்தது. குட்டிச் சக்கரத்தைக் கழற்றிய வாரமே, நீ ஸ்கூல் பஸ்ஸில் ஏறிப் போனதும், நான் அதை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போவேன். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாத்து நடக்கிற மாதிரி ஓட்டுவேன். மலர் அக்கா ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏண்டி, புள்ள சைக்கிளை ஒடைச்சுப்போடாத" என்று சிரித்தார். உன் செயின் ஏன் அடிக்கடி கழன்று விழுகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் மணல் புகுந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன். மத்தியான வெயில் சாய்ந்த பிறகு, தூரத்தில் பிளாண்ட்டின் நெருப்பு ஆடிக்கொண்டிருக்கும்போது, ஆளில்லாத அந்தச் சந்தில் போய்க்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்த ஊரில் எனக்கே எனக்கென்று இருந்தது.

அதனால்தான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கடையில் தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக் ரெண்டு செகண்ட் ஹேண்டில் கிடைத்தது என்று நீ கொண்டுவந்து இறக்கியபோது, நான் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரெண்டு வாங்கியிருந்தாய் பார். கண் போன பிறகும் எனக்கென்று ஒன்று வாங்கிய பிள்ளைதானே நீ. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஓட்டிப் பழகுகிறேன். முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. வலப்பக்கம் பிளாட்பாரத்து விளிம்பு இருந்தால் அதை ஒட்டி, கோடு போட்ட மாதிரி ஓட்டுகிறேன். இடப்பக்கம் இருந்தால் தடுமாறுகிறேன். உன் திட்டத்தில் நாம் காரில் மேட்டுக்குப் போய் அங்கிருந்து இறக்கத்தில் ஓட்டி வருகிறோம், பள்ளத்தாக்கு இடப்பக்கம். எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள், அதுதான் சுலபம். நான் அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் அவர் ஃபிரிட்ஜ் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் ரப்பரை எடுத்து வந்து, பாதையில் போட்டிருந்த அம்புக்குறியை அழித்துவிட்டு, அதே பாதையில் எதிர்ப்பக்கமாகப் போட்டார். "ஏத்தமா இருக்கும் புள்ள, மூச்சு வாங்கும்" என்றார். "வாங்கட்டுமுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இப்படிப் போனால் பள்ளத்தாக்கு எனக்கு நல்ல கண் இருக்கிற பக்கம். ஏற்றத்தில் வேகமும் இருக்காது. தடம் விளிம்பை நெருங்குகிற இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன், அதற்கும் அப்பா சிவப்புப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அதற்குள்தான் நான் ஒருநாள் விழுந்தேன், அப்பா உளறிவிட்டார், நீ போனிலேயே என்னைக் காரில் ஏற்றிவிட்டாய்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், அதனால் சொல்கிறேன், இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். பிரியத்தில்தான் நீ என்னை வேண்டாம் என்றாய். எனக்குத் தெரியும். உனக்கு நான் வேண்டும், உடையாமல் வேண்டும். ஆனால் நீ என்னிடம் கேட்கவில்லை. முடிவு பண்ணிவிட்டுத் தகவல் சொன்னாய். நாளைக்கு நித்யாவிடமும் இதையே செய்வாய். குளிரில் வேலைக்குப் போக வேண்டாம், பனியில் நீ கார் ஓட்ட வேண்டாம், வயிற்றில் பிள்ளை இருக்கிறது, அதைச் செய்ய வேண்டாம், இதைச் செய்ய வேண்டாம். எல்லாம் அக்கறையில்தான் சொல்வாய். அவளும் சரி சரி என்பாள். கொஞ்ச வருஷத்தில் அவளுக்கே தன்னால் எது முடியும் என்று தெரியாமல் போய்விடும், நீயும் பாவம் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்து அலுத்துப்போவாய். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். என்ன பண்ணலாம் என்று கேள். அவள் யோசித்து வைத்திருப்பாள். உன் அப்பா இதையெல்லாம் பெரிய பேச்சாகப் பேசுகிறவர் இல்லை. ஆனால் என்னைத் தடுக்காமல் பாதையைத் திருப்பினார். நான் அவரோடு சண்டை போட்டதெல்லாம் அந்த ரப்பரோடு போயிற்று.

அந்தக் காலை எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? விடியும்போது மேலே பல் கிட்டுகிற குளிர். மங்கி குல்லா போட்டுக்கொண்டு அப்பா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவார், நீ என் ஹெல்மெட் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாய், நான் திட்டுவேன். வெளிச்சம் எதிர் மலையின் உச்சியில் முதலில் விழும், பிறகு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். அடி வரை போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும், அதுவரை பள்ளத்தின் அடியில் நேற்றைய ராத்திரி அப்படியே கிடக்கும். நாம் அதன் ஓரமாகவே மெதுவாக ஏறிப் போவோம். சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நறநற என்று நசுங்கும். முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த மலை மரங்களுக்கு அடியில் ஆடுகள் படுத்திருக்கும், எழுந்திருக்காது. ஜனங்கள் விட்டுப்போன கல் வீடுகள் கீழே ஒரு பாறை இடுக்கில் தெரியும், அங்கே யார் சமைத்தார்கள், யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே மிதிப்பேன். மூச்சு வாங்கும். வாங்கட்டும். என் வலது கண் முழுக்க அந்தப் பள்ளத்தாக்கை வைத்துக்கொள்வேன். எவ்வளவு நாளைக்கு அந்தக் கண் நிற்கும் என்று டாக்டருக்கே தெரியாது. கோபியில் போய் உட்கார்ந்த பிறகு கண்ணை மூடினால் அது வர வேண்டும் எனக்கு. இதற்குத்தான் இவ்வளவு பிடிவாதம்.

நான் விழுந்ததைப் பற்றி எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டீர்கள், அடி பட்டதா என்று. ஏன் விழுந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கண் தெரியாமல் விழுந்தேன் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். நான் எதிலும் இடிக்கவில்லை. அன்றைக்கு அப்பா என் இடப்பக்கம் ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்துகொண்டிருந்தார், பிளாண்ட்டில் யாரோ லீவு கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டு. என்ன நினைப்போ, பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. வருகிறாரா, நின்றுவிட்டாரா என்று பார்க்கத் திரும்பினேன். அந்தப் பக்கம் பார்க்க எனக்குக் கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். கழுத்தோடு கையும் திரும்பிவிட்டது, சைக்கிள் சாய்ந்துவிட்டது.

அந்த ஜீப் தடத்தில் சக்கரம் பதிந்த கோடு இரண்டு இருக்கிறது. பள்ளத்தின் பக்கத்துக் கோடு எனக்கு. எனக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வந்து காவல் காக்காதே, அந்தப் பக்கத்தை நானே பார்த்துக்கொள்வேன். நீ உள்பக்கத்துக் கோட்டில், என் இடப்பக்கம் வா. அங்கே நீ வருவது எனக்குத் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே வா. தமிழோ இங்கிலீஷோ, ஆபீஸ் கதையோ நித்யா கதையோ, எது வேண்டுமானாலும் பேசு, நிறுத்தாமல் பேசு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அம்மா